மிதக்கும் கூடும் மோட்டார் தண்ணீரும்

கேள்வி: எங்களுக்கு ஒரு ஏக்கர் கத்தரித் தோட்டமும், 100 அடிக்கு 100 அடியில் ஒரு மண் பண்ணைக்குட்டையும் இருக்கின்றன. மார்கழி பாதியில், கோரை முளைத்திருக்கும் ஓரத்தில் சின்ன வாத்து போல இரண்டு பறவைகள் வந்து, தண்ணீர் மேலேயே பாசியைக் குவித்துக் கூடு கட்டின. மூன்று முட்டை இருந்தது. வழக்கம்போல வாரம் ஒரு தண்ணீர் பாய்ச்சினோம். இரண்டாவது தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் பார்த்தால், கூடு சேற்றில் சாய்ந்து நிற்கிறது. இரண்டு முட்டை உருண்டு விழுந்துவிட்டது. மிச்சம் இருந்ததைக் காக்கை கொண்டுபோய்விட்டது. பொங்கல் முடிந்து, அதே ஜோடி வேறு மூலையில் மறுபடியும் கட்டியிருக்கிறது. முட்டையிட ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது. அந்த இடத்தில் இரண்டடித் தண்ணீர் நிற்கிறது. "மறுபடியும் அந்தப் பாவம் வேண்டாம், மோட்டாரைப் போடாதே" என்கிறார் மாமியார். "காய் பிடிக்கிற நேரத்தில் தண்ணீரை நிறுத்தினால் வாங்கிய கடனை யார் கட்டுவது?" என்கிறார் வீட்டுக்காரர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

– ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்.

பதில்: இதழ் அச்சாகி வருவதற்குள் நாள் கடந்துவிடும் என்பதால், இந்த வாசகிக்கான பதில் தொலைபேசியிலேயே சொல்லப்பட்டுவிட்டது. பண்ணைக்குட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் வரக்கூடும் என்பதால், அதே பதில் இங்கே விரிவாக.

அது என்ன பறவை?

கடிதத்தில் உள்ள அடையாளங்களை வைத்துப் பார்த்தால், அது முக்குளிப்பான். வாத்து இனம் அல்ல. கரையோரப் புதரில் ஓடி ஒளியும் கானாங்கோழியும் அல்ல. அலகு முதல் பின்பக்கம் வரை அளந்தால் ஒரு அடிக்கும் குறைவு. எடை 200 கிராம் அளவில் இருக்கும். வால் இல்லாதது போல, பின்பக்கம் பஞ்சுப் பொதியாகத் தெரியும். இனப்பெருக்கக் காலத்தில் கன்னமும் கழுத்தும் செம்பழுப்பாக மாறும்; வாயோரத்தில் வெளிர்மஞ்சள் பொட்டு ஒன்று தெரியும். ஆள் அரவம் கேட்டால் பறக்காது. 'முழுக்' என்று மூழ்கி, பத்து இருபது அடி தள்ளி எழும். பெயரும் அதனால் வந்ததுதான்.

நேற்று வரை காணாத பறவை இன்று குட்டையில் நீந்துவதைக் கண்டு பலர் வியப்பார்கள். ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்கு இவை பெரும்பாலும் இரவில் பறந்து போகும். அதனால் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மழைக்குப் பிறகு நீர்ச்செடியும் பூச்சியும் பெருகிய குட்டையைக் கண்டால், அங்கேயே தங்கிக் குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும்.

தண்ணீர் மேல் ஏன் கட்டுகிறது?

கரையில் இத்தனை இடம் இருக்க, தண்ணீர் மேல் கட்டுவானேன் என்று கேட்கலாம். காரணம் அதன் கால்களில் இருக்கிறது. மூழ்கி நீந்துவதற்கு வசதியாக, முக்குளிப்பானின் கால்கள் உடம்பின் கடைசியில் பொருத்தியது போல இருக்கும். படகுக்குப் பின்னால் துடுப்பு இருப்பதைப் போல. தண்ணீருக்குள் இது பெரிய வசதி. தரையில் அதே கால் பெரும் தொந்தரவு. நிமிர்ந்து நிற்க முடியாமல் தள்ளாடும். தரையில் கூடு வைத்தால், கீரி வந்தால்கூட ஓடித் தப்ப முடியாது. அதனால், நீந்தி வந்து அப்படியே ஏறி உட்காரும்படி, நீர்மட்டத்திலேயே கூடு வேண்டும்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து பாசி, அழுகிய இலை, கோரைத் துணுக்குகளைக் குவித்து ஒரு மெத்தையைக் கட்டும். அது அடித்துக்கொண்டு போகாமல் இருக்க, கோரைத் தண்டிலோ தண்ணீருக்குள் சாய்ந்த கிளையிலோ பிணைத்து வைக்கும். கூட்டில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில் இருக்கும். மேலே தெரிவது ஒரு சாணிக்கூடை அளவுகூட இருக்காது. பார்ப்பதற்கு ஒதுங்கிய பாசிக் குப்பை போலத்தான் இருக்கும். குட்டையைச் சுத்தம் செய்கிறவர்கள் கூடு என்று தெரியாமலேயே அதை அரித்து எடுத்துக் கரையில் போட்டுவிடுவதும் உண்டு.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அடை காக்கும் பறவை கூட்டைவிட்டு இறங்கும்போது, அலகால் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் போகும். மேலே பறக்கும் காக்கைக்கு முட்டை தெரியாது. இட்டபோது வெள்ளையாக இருந்த முட்டை, இந்த ஈரப்பாசி பட்டுப் பட்டு சில நாளில் பழுப்பேறிவிடும். எனவே, 'கூட்டில் முட்டையும் இல்லை, பறவையும் இல்லை; விட்டுவிட்டுப் போய்விட்டது' என்று அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. ஆனால், நாயோ ஆளோ திடீரென்று கரைக்கு வந்தால் மூடுவதற்கு நேரம் இருக்காது. முட்டையைத் திறந்தபடி போட்டுவிட்டு மூழ்கிவிடும். அந்தச் சில நிமிடங்களைத்தான் காக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

முதல் கூடு ஏன் போனது?

மிதக்கும் கூடு, தண்ணீர் மெல்ல இறங்கினால் தானும் மெல்ல இறங்கும். பறவைகளும் அன்றாடம் பாசியைச் சேர்த்துச் சரிசெய்துகொள்ளும். தண்ணீர் சட்டென்று இறங்கினால் இரண்டு விதமாகக் கெடும். பிணைத்திருக்கும் தண்டில் ஒரு பக்கம் தொங்கிச் சாய்ந்துவிடும். அல்லது தரைதட்டி நின்றுவிடும். தரைதட்டிய கூட்டுக்கு நாயும் கீரியும் நடந்தே போகலாம். தண்ணீர் சட்டென்று ஏறினாலும் ஆபத்துதான். இறுக்கிப் பிணைத்த கூடு அதே வேகத்தில் மேலே வர முடியாமல் முட்டையில் தண்ணீர் ஏறும்.

இனி கணக்கு. வாசகியின் குட்டையில் இப்போதைய நீர்ப்பரப்பு சுமார் 900 சதுர மீட்டர். அப்படியானால், நீர்மட்டம் 1 செ.மீ இறங்கினால் 9,000 லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். அவர்களுடைய மோட்டார் 200 லிட்டர் பீப்பாயை 20 நொடியில் நிரப்புகிறது. மணிக்கு 36,000 லிட்டர். வாரத்துக்கு ஒரு நாள் 6 மணி நேரம் ஓட்டுகிறார்கள். 2,16,000 லிட்டர். ஏக்கர் முழுக்க 2 அங்குலத்துக்குச் சற்றே கூடுதலாக நீர் நிறுத்தும் அளவு இது. கத்தரிக்கு இது அதிகப்படியும் அல்ல. ஆனால், குட்டையில் ஒரே நாளில் 24 செ.மீ இறங்கிவிடுகிறது.

முதல் கூடு ஒன்றரை அடி, அதாவது 45 செ.மீ தண்ணீரில் இருந்ததாகத் தொலைபேசியில் சொன்னார்கள். முதல் பாய்ச்சலில் 24 செ.மீ, இரண்டாவதில் 24 செ.மீ, நடுவில் வெயிலில் ஆவியானது வேறு. கூடு தரைதட்டாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். வீட்டில் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. வாரம் முழுவதற்குமான தண்ணீரை ஒரே நாளில் இறைத்ததுதான் காரணம்.

தேவைப்படுவது எத்தனை நாள்?

மாமியார் பயப்படுவது போல, மாதக்கணக்கில் மோட்டாரை நிறுத்த வேண்டியதில்லை. முக்குளிப்பான் பெரும்பாலும் நாளுக்கு ஒன்றாக 3 முதல் 5 முட்டை வரை இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடை காக்கும். 20 முதல் 25 நாளில் குஞ்சு பொரியும். முதல் முட்டையிலிருந்து கடைசிக் குஞ்சு வரை, சுமாராக 30 நாள்.

பொரித்த குஞ்சு கூட்டிலேயே கிடப்பதில்லை. உடம்பில் கறுப்பும் வெளுப்பும் கோடு கோடாக இருக்கும் அந்தக் குஞ்சுகள், விரைவிலேயே கூட்டைவிட்டு இறங்கித் தாய் தகப்பன் முதுகில் ஏறிக்கொள்ளும். இறகுக்குள் ஒளிந்தபடி குட்டையைச் சுற்றி வரும். அதன் பிறகு கூடு சாய்ந்தாலும் பெரிய நட்டம் இல்லை. குஞ்சு தானாகப் பறந்து போக இன்னும் ஆறு, ஏழு வாரம் ஆகும். அதுவரை குட்டையின் நடுப்பள்ளத்தில் மூழ்கி எழும் அளவுக்குத் தண்ணீர் கிடந்தால் போதும். நீர்மட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது முதல் 30 நாள் மட்டும்தான். வாசகியின் குட்டையில் அதிலும் 10 நாள் கழிந்துவிட்டது. மிச்சம் 20.

பயிரும் காயாமல், கூடும் சாயாமல்

முதல் வேலை, கூடு இருக்கும் இடத்தில் எவ்வளவு ஆழம் என்று தெரிந்துகொள்வது. இதற்காகக் கூட்டுக்குப் பக்கத்தில் இறங்கக் கூடாது. அதே கரைச்சரிவில், கூட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, அதே தூரத்தில் மூங்கில் கழியை ஊன்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். கழியில் ஒவ்வொரு செ.மீ-க்கும் கோடு போட்டு அங்கேயே நட்டுவிட்டால், தினமும் எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் குறித்துவைக்கலாம்.

இரண்டாவது கூட்டின் கீழே 60 செ.மீ தண்ணீர் இருக்கிறது. 20 நாளைக்கு நாளொன்றுக்கு அரை செ.மீ வீதம் ஆவியாவதற்கு 10 செ.மீ போகும். மீதி 50 செ.மீ-க்குள் பாசனத்தை முடிக்க வேண்டும். பழையபடி வாரத்துக்கு 24 செ.மீ எடுத்தால், மூன்று பாய்ச்சலில் 72 செ.மீ போய்விடும். கூடு நிற்காது. அதனால் இரண்டு மாற்றம் சொல்லப்பட்டது.

ஒன்று, ஒன்றுவிட்ட சால் பாசனம். இந்த வாரம் ஒற்றைப்படைச் சால்களிலும், அடுத்த வாரம் இரட்டைப்படைச் சால்களிலும் தண்ணீர் விடுவது. செடியின் ஒரு பக்க வேருக்கு ஒவ்வொரு வாரமும் ஈரம் கிடைத்துவிடும். எல்லாச் சாலுக்கும் விடும் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு போதுமானதாக இருக்கும். காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சோகை என்று கையில் கிடைப்பதைச் செடிக்கு அடியில் மூடாக்காகப் போட்டால் ஈரம் இன்னும் நிற்கும். ஆக, வாரத்துக்கு 6 மணி நேரம் ஓடிய மோட்டாருக்கு 4 மணி நேரம் போதும்.

இரண்டு, அந்த 4 மணி நேரத்தையும் ஒரே நாளில் ஓட்டாமல் ஆறு நாளாகப் பிரிப்பது. தோட்டத்தை ஆறு பங்காகப் பிரித்து, நாளுக்கு ஒரு பங்கு. ஒவ்வொரு செடிக்கும் முன்பு போலவே வாரம் ஒரு தண்ணீர்தான். மோட்டார் ஓடுவது நாளுக்கு 40 நிமிடம். எடுப்பது 24,000 லிட்டர். நீர்மட்டம் இறங்குவது 2.7 செ.மீ அளவுதான்.

20 நாளில் 17 நாள் இப்படி ஓட்டினால், சுமார் 45 செ.மீ. ஆவியாவது 10 செ.மீ. மொத்தம் 55. கூட்டுக்குக் கீழே இன்னும் 5 செ.மீ தண்ணீர் மிச்சம் இருக்கும். மாமியார் சொன்னதும் நடக்கும், கத்தரியும் வாடாது.

இதில் செலவே இல்லை என்று சொல்லக் கூடாது. வாரம் ஒரு நாள் மடை கட்டிய வீட்டுக்காரர், இனி ஆறு நாள் மடை கட்ட வேண்டும். மின்சாரம் வரும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். அவருடைய 17 நாள் உழைப்புதான் இந்தக் கூட்டுக்கான விலை. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்தக் குடும்பம் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. சொட்டுநீர் போட்டவர்களுக்கு இந்தப் பாடே இல்லை. அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்கும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர் அமைக்க 100 சதவிகித மானியம் உண்டு. இதுவரை யோசிக்காதவர்கள் வட்டார அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

ஒருவேளை குட்டையில் பத்து நாள் தண்ணீர்தான் இருக்கிறது, கிணறும் இல்லை, பயிரோ பூவும் பிஞ்சுமாக நிற்கிறது என்றால்? அப்போது பயிரைக் காப்பாற்றுவதுதான் முறை. அதற்காக மனம் நோக வேண்டாம். முக்குளிப்பான் ஒரு கூடு போனதும் ஓய்ந்துவிடும் பறவை அல்ல. தண்ணீர் இருக்கும் இடம் தேடிப் போய் மறுபடியும் கட்டும். இந்த வாசகியின் குட்டையிலேயே அது நடந்திருக்கிறது. வழி இருக்கும்போது கெடுக்கக் கூடாது என்பதுதான் விஷயம்.

கடல் தாண்டியும் இதே பாடு

அமெரிக்காவின் வட பகுதியிலும் கனடாவிலும் இருக்கும் ஏரிகளில், லூன் என்று ஒரு பறவை உண்டு. முக்குளிப்பானைவிடப் பல மடங்கு பெரியது. 3 முதல் 5 கிலோ வரை எடை இருக்கும். வேறு குடும்பத்துப் பறவைதான். ஆனாலும் அதற்கும் கால்கள் உடம்பின் கடைசியில் இருக்கின்றன. தரையில் நடக்க வராது. நெஞ்சால் உந்தித்தான் நகரும். அதனால் ஏரியின் விளிம்பிலோ சிறு தீவின் ஓரத்திலோ, தண்ணீரை ஒட்டியே கூடு கட்டி, பெரும்பாலும் இரண்டு முட்டை இட்டு, நான்கு வாரம் அடை காக்கும்.

அதன் கூடு முக்குளிப்பானின் கூட்டைப் போல மிதக்காது. அணையைத் திறந்து மூடுவதால் ஏரியின் மட்டம் ஏறினால் முட்டை மூழ்கும். இறங்கினால் கூட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் சேறு விழுந்து, பறவையால் ஏறி வர முடியாமல் போகும். விசைப்படகுகளின் அலையும் கூட்டை நனைக்கும்.

நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் 1975-ஆம் ஆண்டிலிருந்து லூன் பாதுகாப்புக்கென்றே ஓர் அமைப்பு இயங்குகிறது. அவர்கள் செய்யும் வேலைகளில் மூன்று நமக்கும் உதவும். அணையை இயக்குகிறவர்களிடம் பேசி, அடை காக்கும் வாரங்களில் நீர்மட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கச் சொல்கிறார்கள். கூட்டுக்கு முன்னால் கயிறும் பலகையும் கட்டி, படகுக்காரர்களைத் தள்ளிப் போகச் சொல்கிறார்கள். மட்டம் ஏறி இறங்குவதைத் தடுக்கவே முடியாத ஏரிகளில், மரத்தால் சிறு தெப்பம் செய்து, மேலே மண்ணும் செடியும் போட்டு, நங்கூரம் கட்டி மிதக்க விடுகிறார்கள். லூன் அதில் ஏறி முட்டையிடுகிறது. தண்ணீரை நிறுத்துவதைவிட, மட்டத்தைச் சீராக வைத்திருப்பதுதான் அங்கேயும் முக்கியமான வேலை. அங்கே அணைக்காரர் கையில் இருக்கும் பொறுப்பு, இங்கே மோட்டார் சுவிட்சில் கை வைக்கிறவரிடம் இருக்கிறது.

கவனிக்க வேண்டிய மற்றவை

மோட்டாரின் உறிஞ்சுகுழாய் கூட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். ஃபுட்வால்வைச் சுற்றிச் சிறு கண்ணி வலை கட்டினால், பாசி அடைக்காது; குஞ்சுக்கும் ஆபத்தில்லை.

போர்வெல் தண்ணீரைக் குட்டையில் விட்டு நிரப்புகிறவர்கள், இரவு முழுக்க ஓட்டி ஒரேயடியாக ஏற்றாமல் பிரித்து விடலாம். திடீர் மழைக்கு மட்டம் ஏறாமல் இருக்க, வடிகாலில் அடைப்பு இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

பாசியும் ஆகாயத்தாமரையும் எடுக்க வேண்டியிருந்தால், கூடு இருக்கும் மூலையை விட்டுவிட்டு மற்ற பக்கம் எடுக்கலாம்.

மீன் பிடிக்கக் கட்டிய நரம்பு வலையை நாள் முழுக்கத் தண்ணீரிலேயே விட்டுவைக்கக் கூடாது. மூழ்கி நீந்தும் பறவை கண்ணுக்குத் தெரியாத வலையில் சிக்கினால், மூச்சு முட்டிச் செத்துவிடும். அறுந்த வலைத் துண்டும் தூண்டில் நரம்பும் அதே வேலையைச் செய்யும்.

கத்தரிக்கு மருந்து தெளித்த தெளிப்பானைக் குட்டையில் கழுவுவது பலருக்கும் பழக்கம். இது பறவைக்காக மட்டும் சொல்வது அல்ல. அந்தத் தண்ணீரில் நீர்ப்பூச்சி சாகும், தலைப்பிரட்டை சாகும், மீன் குஞ்சு சாகும். ஆடு மாடும் அதைத்தான் குடிக்கிறது. கழுவிய தண்ணீரைக் குட்டைக்குத் தள்ளி, வரப்புக்கு அப்பால் தரிசில் ஊற்ற வேண்டும்.

பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளை 50 அடிக்கு இந்தப் பக்கம், ஒரு மரத்துக்குப் பின்னால் உட்காரச் சொன்னால் எல்லாம் பார்க்கலாம். நாயை மட்டும் கூட அழைத்துப் போக வேண்டாம்.

கேள்வி: குட்டையில் கட்லா, ரோகு விட்டிருக்கிறேன். முக்குளிப்பான் மீன் குஞ்சைத் தின்று தீர்த்துவிடாதா?

– ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்.

பதில்: சிறு மீனைத் தின்னும் என்பது உண்மை. ஆனால், நீர்ப்பூச்சிகள், தட்டான் பூச்சியின் இளம்புழுக்கள், தலைப்பிரட்டை, சிறு இறால் வகைகள் ஆகியவையும் அதன் முக்கிய இரை. குட்டையில் விட்ட நுண்மீன் குஞ்சுகளை அதிகம் அழிப்பதே, இந்த நீர்ப்பூச்சிகளும் தட்டான் புழுக்களும்தான். அவற்றை முக்குளிப்பான் தின்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 200 கிராம் பறவையின் வாய்க்குள் பெரிய மீன் போகாது. கையின் நடுவிரல் நீளத்துக்கு மேல் வளர்ந்த குஞ்சுகளாக வாங்கி விட்டால் இழப்பு வெகுவாகக் குறையும். மீன் வளர்ப்பிலும் அதுதான் நல்ல முறை. பிழைக்கும் எண்ணிக்கை கூடும். மிகச் சிறிய குஞ்சைத்தான் விட வேண்டும் என்றால், குட்டையின் ஒரு பகுதியில் வலைக்கூண்டு கட்டி, அதற்குள் சில வாரம் வளர்த்துப் பிறகு திறந்துவிடலாம்.

கேள்வி: விட்டுப் போன கூட்டில் முட்டை கிடந்தால், எடுத்து வந்து நாட்டுக்கோழிக்கு அடை வைக்கலாமா? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

– ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப்பறவையின் முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் குற்றம். சட்டத்தை விட்டாலும் அது நடக்காத காரியம். கோழிக்குஞ்சு பொரித்ததும் தாய்க்குப் பின்னால் தரையில் ஓடும். தானே கொத்தித் தின்னும். முக்குளிப்பான் குஞ்சுக்குத் தரையில் ஓடத் தெரியாது. தண்ணீரில் ஏறி உட்கார ஒரு முதுகு வேண்டும். வாயில் கொண்டுவந்து ஊட்ட ஆள் வேண்டும். இதைக் கோழி செய்யாது. மேலும், 'விட்டுப் போன கூடு' என்று தோன்றுவது பல நேரம் விட்டுப் போனதே அல்ல. முட்டை பாசியால் மூடியிருந்தால், பறவை பக்கத்தில்தான் இருக்கிறது. மனிதர் நகர்ந்தால் அது வந்துவிடும். கூட்டை இடம் மாற்றி வைப்பதும் கூடாது.

கேள்வி: எங்களுடையது பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குட்டை. முக்குளிப்பான் வந்து நீந்துகிறது. ஆனால் கூடு கட்டுவதில்லை. அதற்கு ஏதாவது செய்ய முடியுமா? இந்தப் பறவையால் நமக்கு ஏதும் நன்மை உண்டா?

– ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: விரிப்புக் குட்டையில் செடி முளைக்காது. கூட்டைப் பிணைக்க ஒரு பிடியும் இல்லை, கட்டுவதற்குப் பாசியும் இல்லை. கிளுவை, புங்கன் போன்ற மரங்களின் கிளைத்த கொம்பு ஒன்றை வெட்டி, முனைகளைச் சாக்கால் சுற்றிக் கட்டி, விரிப்பைக் கிழிக்காதபடி தண்ணீரில் சாய்த்து மிதக்க விடலாம். கரையில் உள்ள முளையில் நீளமான கயிற்றால் கட்டினால், மட்டம் இறங்கும்போது கொம்பும் இறங்கும். அதில் கொஞ்சம் கோரையையும் பாசியையும் போட்டுவைக்கலாம். பறவை ஏற்றுக்கொண்டால் சரி, இல்லாவிட்டாலும் நட்டமில்லை. விரிப்புக் குட்டை பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் தொட்டி போலத்தான் பயன்படுகிறது. தினமும் மட்டம் பெரிதாக ஏறி இறங்கும் குட்டையாக இருந்தால், இந்த முயற்சியே வேண்டாம். கட்டவைத்துக் கெடுப்பதைவிட, கட்டாமல் இருப்பது அதற்கு நல்லது.

நன்மை பற்றி உள்ளதைச் சொல்வதுதான் சரி. வேடந்தாங்கலில் ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து, அந்தத் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது. அதை அறிந்துதான் அந்த ஊர் மக்கள் பல தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வந்திருக்கிறார்கள். ஒரு ஜோடி முக்குளிப்பானால் அப்படி உரம் கிடைக்காது, விளைச்சல் கூடாது. ஆனால், அது ஒரு குட்டையில் தங்கிக் குஞ்சு பொரிக்கிறது என்றால், அந்தத் தண்ணீரில் பூச்சியும் தலைப்பிரட்டையும் சிறு மீனும் செடியும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பாமலே, தண்ணீர் கெட்டுப்போகவில்லை என்பதற்குக் கிடைக்கும் நல்ல அறிகுறி அது. ஆடு மாடு குடிக்கும் தண்ணீருக்கு அப்படி ஒரு அறிகுறி கிடைப்பது சின்ன நன்மை அல்ல.

புதிதாக மண் குட்டை வெட்டுகிறவர்கள், நான்கு பக்கமும் ஒரே செங்குத்தாக வெட்டாமல், மோட்டாருக்கு எதிர் மூலையில் மட்டும் சரிவைக் கொஞ்சம் படுக்கையாக விட்டு, அங்கே ஒரு பத்தடி நீளத்துக்குக் கோரையோ சம்போ வளர விடலாம். கரை அரிப்பும் குறையும், கூட்டுக்கும் இடம் கிடைக்கும்.

பண்ணைக்குட்டை பற்றிக் கேள்வி அனுப்பும் வாசகர்கள், குட்டையின் நீளம், அகலம், இப்போது நிற்கும் தண்ணீரின் ஆழம், மோட்டார் 200 லிட்டர் பீப்பாயை நிரப்ப எடுக்கும் நேரம், பயிர், அதன் வயது ஆகியவற்றையும் சேர்த்து எழுதினால், அவரவர் குட்டைக்கு ஏற்ற கணக்கோடு பதில் தர வசதியாக இருக்கும். அடுத்த இதழில், கோடையில் குட்டைத் தண்ணீர் ஆவியாவதைக் குறைப்பது பற்றிய கேள்விகளுக்குப் பதில் இடம்பெறும்.